மாலைக்கு ஒரு முகம்

ஞானவேல் யாரையும் நம்பாத மனிதர். போனில் பாதுகாப்பு மென்பொருளைப் போட்டு, 'எனக்குப் பிறகு என் முகம் யாருக்கும் தெரியக்கூடாது' என்ற அமைப்பையும் தேர்வு செய்திருந்தார். 'யாருக்கும்' என்பதில் மனைவியும் அடக்கம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாரடைப்பில் அவர் போனதும், சுவர்த் திரையில் ஒளிரும் கல்யாணப் படம் முதற்கொண்டு எல்லாவற்றிலும் அவர் முகம் சாம்பல் புகையானது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். மனைவி செண்பகவல்லி அவருடைய போனோடு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"அவரே வந்து முகத்தைக் காட்டினாத்தான் பூட்டு திறக்கும்க்கா," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அவரு எங்கேருந்து வருவாரு?"

அந்த நேரம் பார்த்து போன் ஒளிர்ந்தது. ஜவுளிக்கடை விளம்பரம்; அடியில் கடையின் பெயர். புதுச் சட்டை போட்டு ஞானவேல் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கோரத்து மச்சம்கூட அப்படியே இருந்தது. "ஞானவேல் சார், இது உங்களுக்கு அம்சமா இருக்கு!"

செண்பகவல்லி போனை ஸ்டுடியோக்காரர் பக்கம் திருப்பினாள்.

"பொண்டாட்டிக்குக் காட்டாத மூஞ்சி கடைக்காரனுக்கு எப்படிப்பா கெடைச்சுது?"

"அவங்ககிட்ட எல்லார் மூஞ்சியும் இருக்குக்கா."

"அப்ப இதையே பெரிசாப் போட்டுக் குடு."

காரியத்தன்று மாலையைச் சற்று இறக்கிப் போட்டாள். அவளால் மறைக்க முடிந்தது அந்தக் கடையின் பெயரை மட்டும்தான்.