அந்த விரல்

"கண்ணத் தொறக்காதீங்கண்ணா. எந்த வெரல்ல தெரியுது, சொல்லுங்க" என்றாள் தீபா.

பிசியோதெரபி அறையில் பரசுராமன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தான். அவள் பஞ்சுக் குச்சியால் தொட்டது கட்டை விரலின் நுனியை.

"மோதிர வெரல்லதாங்க."

தீபா உச்சுக்கொட்டினாள். ஆறு மாதமாக இதே பதில்தான்.

கண்ணைத் திறந்தவன் முதலில் வாசலைப் பார்த்தான். அங்கே நின்றிருந்த மனைவி காஞ்சனாவின் முகம் தெளிந்திருந்தது.

கார்த்திகை மாதம் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்சக்கரத்தில் கையைக் கொடுத்துவிட்டான். பன்னிரண்டு வருஷம் தறியோடு புழங்கியவன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவன் கை அந்தப் பக்கம் போகாது. அன்றைக்கு அவன் அவனாக இல்லை, பாவம். கட்டை விரலின் உள்பக்கச் சதை முழுக்கப் போய்விட்டது.

சென்னையில் டாக்டர் மோதிர விரல் நுனியின் ஓரத்துச் சதையை, நரம்பையும் ரத்தக் குழாயையும் அறுக்காமல் எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுவந்து கட்டை விரலில் வைத்துத் தைத்தார். கட்டுப் பிரித்த அன்றுதான் அந்த அதிசயம். கட்டை விரலைத் தொட்டால் மோதிர விரலைத் தொடுகிற மாதிரியே இருந்தது.

டாக்டர் சிரித்தார். சதை இடம் மாறிவிட்டது, மூளைதான் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறது என்றார். கண்ணால் பார்த்துக்கொண்டே அரிசியைத் தொடு, கேழ்வரகைத் தொடு, நூலைத் தொடு, தினம் பழக்கினால் சரியாகிவிடும் என்றார். சரியானால்தான் அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட முடியும். தறிக்காரனுக்கு அதை விட்டால் வேறென்ன பிழைப்பு?

பரசுராமன் ஒரு நாள்கூடப் பழக்கவில்லை.

தொட்டதற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிற காஞ்சனா, அதற்கு மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. கிண்ணத்தில் எடுத்து வைத்த அரிசியை அவளே திரும்பக் கொண்டுபோய்ப் பானையில் கொட்டினாள்.

"வீட்ல ஒண்ணுமே பண்றதில்ல போல. இப்படியே போனா தறிப் பக்கம் திரும்பிப் பாக்க முடியாதுங்கண்ணா" என்றாள் தீபா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது.

ஆமாம், பொய்தான். முந்தாநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டபோது, பொத்தானின் விளிம்பு கட்டை விரலிலேயே தெரிந்துவிட்டது. யார் பழக்கினார்கள்? பாழாய்ப்போன மூளை தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. பொத்தானை அவிழ்த்தான், மறுபடி போட்டான், மறுபடி அவிழ்த்தான். மோதிர விரலில் ஒன்றுமே இல்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் வைகாசி வெயில் கொளுத்தியது. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் காஞ்சனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில். ஜன்னலில் மலைக்கோயில் தெரிந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு மூன்று பேராகப் படியேறினார்கள். மகள் அபிக்கு நாலு வயசு. காவடிக் கூட்டத்தில் எந்த விரலைக் கொடுத்தாலும் உதறிவிடுவாள். "நைனா, அந்த வெரலு" என்று அடம்பிடித்து மோதிர விரலின் நுனியைத்தான் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் விடமாட்டாள். தூங்குவதற்கும் அந்த விரல்தான் வேண்டும்.

கார்த்திகையில் வந்த காய்ச்சல் மூன்றே நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைப் பிடித்தபடியே போய்விட்டாள். பால் தெளித்த மறுநாள், வீட்டில் இருக்க முடியாமல், யார் சொல்லியும் கேட்காமல் தறிக்குப் போனான். போன அன்றே கை மாட்டிக்கொண்டது.

பஸ் கிளம்பியது. காஞ்சனா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலின் நுனியைச் சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி மூடிப் பிடித்தாள். கட்டுப் பிரித்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான் பிடிக்கிறாள், தினமும் இதையேதான் கேட்கிறாள்.

"பாவா, இன்னும் அவ புடிச்சிக்கினு கீறாளா?"

"ஆங்" என்றான்.

அவள் கண்ணை மூடி அவன் தோளில் சாய்ந்தாள். ஊர் வந்து சேரும்வரை பிடியை விடவில்லை. அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்த ஈரம்கூட அவனுக்குக் கட்டை விரலில்தான் தெரிந்தது.