பதில் பாடாத பலாவுசா

"ஊரே உட்கார்ந்திருக்கு. நீ என்னடான்னா தொம்ப்ராவ மடியில வெச்சுக்கிட்டு ஊமை மாதிரி முழிக்கிறே. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு."

காரை ஓட்டியபடியே பொரிந்து தள்ளினார் தோசிம்பெக். கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். பின்சீட்டில் அவர் மகள் பலாவுசா தலை நிமிரவே இல்லை.

கோபம் நியாயமானதுதான். நாலு வயதிலேயே தொம்ப்ராவின் இரண்டு தந்திகளையும் மீட்டி வாசித்தவள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மூக்கைக் கேலி செய்து, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டி, அவர் மானத்தை வாங்கியவள். அப்படிப்பட்ட வாயாடி, எசப்பாட்டுப் போட்டி மேடையில் வாயடைத்துப் போனாள்.

ஜெயித்திருந்தால் அல்மாத்தி நகரத்து இசைப்பள்ளியில் தங்கிப் படிக்கலாம். இப்போது அந்த இடம், அவளை எதிர்த்துப் பாடிய பக்கத்து ஊர் ஜிபெக்குக்குப் போய்விட்டது.

"விடுங்க. பிள்ளை காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல" என்றாள் முன்சீட்டில் இருந்த அம்மா கம்ஷாத்.

"குடிக்காட்டி போகட்டும். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட ஸ்கூலுக்குப் போறது? அந்த ஜிபெக் அப்படி என்ன பெருசா பாடிட்டா?"

அவரே நக்கலாகப் பாடிக் காட்டினார்:

"மழை பெஞ்சா உங்க ஸ்கூலு
குளமாகிப் போகுதாமே!
கூரைக்கு வந்த தகரம்
எந்தக் காத்துல பறந்ததம்மா?"

"இதுக்குப் போய் வாயை மூடிக்கிட்டா எப்படி? 'தகரம் வரவே இல்லை'ன்னு பாடு. 'புயல் தூக்கிட்டுப் போச்சு'ன்னு பாடு. கூட்டம் கை தட்டியிருக்கும். ஒரு பதில் கூடவா உனக்குத் தோணல?"

"தோணுச்சுப்பா."

"அப்புறம் ஏன் பாடல?"

பலாவுசா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"எசப்பாட்டுல கேலி பண்ணலாம், பொய் பாடக் கூடாதுப்பா. உண்மையைப் பாடணும்னா, அந்தத் தகரம் நம்ம வீட்டு ஆட்டுக் கொட்டகை மேல இருக்குன்னுதான் பாடணும்."

கார் வேகம் குறைந்தது.

"அது... மிச்சமான தகரம்மா" என்றார் தோசிம்பெக். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"முன் வரிசையில நீங்க உட்கார்ந்திருந்தீங்க. என் பொண்ணு, என் பொண்ணுன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மனசு வரலப்பா."