கலியோப்பியின் கடைசி எறி

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிய பந்தெலிஸ் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே விளிம்புவரை ஐஸ்.

ஒரு பொட்டு ஐஸ்கூட இல்லை என்று சொல்லித்தான் காப்பிக்கடைக்காரி ரினியோ அவனைத் துறைமுகத்துக்கு விரட்டியிருந்தாள். போனால், மீன்கூடம் பூட்டிக் கிடந்தது. ஐஸ் உடைக்கிறவனும் டி.வி. முன்னால்தானே இருப்பான்? கீமி ஊரில் இன்றைக்கு எவன் கடை திறப்பான்? ஒரே ஒரு எறியாவது பார்த்துவிடலாம் என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, காப்பிக்கடையின் பின்வாசல் வழியே சமையலறைக்குள் நுழைந்தான். தொண்டை வறண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீருக்காகத்தான் பெட்டியைத் திறந்தான்.

ரினியோவின் மகள் கலியோப்பி ஐரோப்பியப் போட்டியின் இறுதிச் சுற்றில் கிரீஸ் நாட்டுக்காக ஈட்டி எறிந்துகொண்டிருந்தாள்.

பந்தெலிஸ் அவளுடைய ஞானத்தந்தை. எண்ணெய் வழுக்கும் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கி, தன் அம்மாவின் பெயரை வைத்தவன். நாணலைச் சீவி அவளுக்கு முதல் ஈட்டி செய்து கொடுத்தவன். மழையோ வெயிலோ, ஸ்கூட்டரில் மலையேற்றி ஹல்கீதா மைதானத்துக்குக் கொண்டுபோனவன்.

பெரிய போட்டியில் அவள் எறிவதை, எறிகிற அந்த நொடியிலேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

ஆனால் போன தடவை ரினியோவின் ஆடுகள் வேலியை உடைத்துக்கொண்டு மலையேறிவிட்டன. அதற்கு முந்தின தடவை அவசரமாக ஒரு மாத்திரை வாங்க அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் பெண்ணுக்குப் பதக்கம். இரண்டு தடவையும் இவனுக்கு மறுஒளிபரப்பு.

வேலிக்கம்பி வெட்டுப்பட்டிருந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆட்டுக்கு ஏது கத்தரி?

சமையலறை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"போய்த் தொலைஞ்சானா?"

முடிவெட்டுகிற திமோஸ். முன்வரிசையில், பந்தெலிஸின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

இந்தக் கடையில் கண்ணேறுக்குப் போலீஸ்காரனே பந்தெலிஸ்தான். பெண்ணை எவன் புகழ்ந்தாலும் உடனே மூன்று தரம் துப்ப வேண்டும். 'என்னா கை!' என்று சொல்லிவிட்டுத் துப்ப மறந்த இதே திமோஸை ஒருநாள் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவில் தள்ளியிருக்கிறான்.

"போயாச்சு," என்றாள் ரினியோ. "அவளே காலையில போன் பண்ணிட்டா. அம்மா, ஞானப்பாவ எப்படியாவது வெளிய அனுப்பிடு, அவர் பாத்தா என் கை கல்லாயிடுதுன்னு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அவன் கண்ணே பொல்லாத கண் என்று ஊர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். ரினியோ சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பான். கலியோப்பியே சொல்லிவிட்டாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. பந்தெலிஸுக்கு நெஞ்சு எரிந்தது, கண்ணும் எரிந்தது.

கலியோப்பி நான்காவது இடத்தில் இருப்பதாக டி.வி.க்காரன் அலறினான். மிச்சம் ஒரே எறி. ஒரு சாண் கூடுதலாகப் போனால் வெண்கலம்.

இரண்டு எட்டு வைத்தால் திரை. விலக்கினால் டி.வி. பார்த்தால் என்ன? நன்றாகவே பார்க்கிறேன், கண் கொட்டாமல் பார்க்கிறேன், விளங்காமல் போகட்டும்! கை திரைவரைக்கும் போய்விட்டது.

"கழுத்துச் சிலுவையை முத்தமிடுகிறாள்," என்றான் டி.வி.க்காரன்.

தொட்டியிலிருந்து எடுத்த அன்று பந்தெலிஸ் போட்டுவிட்ட சிலுவை.

பந்தெலிஸ் கையை இழுத்துக்கொண்டான். சுவர்ப்பக்கம் திரும்பினான். கண்ணை இறுக மூடி, சட்டைக்குள் தன் மார்பிலேயே மூன்று தரம் துப்பிக்கொண்டான்.

"எறிந்துவிட்டாள்!" என்று கத்தினான் டி.வி.க்காரன்.

பிறகு யாரோ மேசையை ஓங்கிக் குத்தினார்கள். நான்காம் இடம்தான்.

தண்ணீர் குடிக்க வந்த திமோஸ் அவனைப் பார்த்துவிட்டான்.

"ஏய், எல்லாரும் இங்க வாங்கடா! திருட்டுத்தனமா ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு இருந்திருக்கான்!"

காப்பிக்கடையே சமையலறைக்குள் திரண்டது.

"சத்தியமா பாக்கல. செவுத்தப் பாத்துதான் நின்னேன்," என்றான் பந்தெலிஸ். அதை எவன் நம்புவான்? ஐஸ் பெட்டியை அகலத் திறந்து எல்லாருக்கும் காட்டினான். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.  

ஆளாளுக்கு ஏசி முடிப்பதற்குள் கலியோப்பியின் போன் வந்தது.

"ஞானப்பா எங்கயும் போகல. இங்கயேதான் நின்னிருக்காரு. நீயே கேளு," என்று ரினியோ போனை அவன் கையில் திணித்தாள்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"ஞானப்பா... நீங்க பாத்தீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்தது. வயிறெரியச் சொல்லவும் நிறைய இருந்தது. ஆனால் அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன், பழி என் கைமேல் வேண்டாம் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

பந்தெலிஸ் ஐஸ் பெட்டியை மூடினான்.

"ஆமாம்மா," என்றான். "பாத்துட்டேன்."