பதினோரு ஃபெயில்

"ஃபெயில்."

கவிநிலா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அந்த ஒற்றை வார்த்தை காத்திருந்தது. அனுப்பியவர் உண்ணாமலை மேடம். இது ஒன்பதாவது தடவை.

வேங்கிக்காலில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் கவிநிலா சேர்ந்து ரெண்டு மாசம். ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு வரும் போனை எடுத்துப் பேச ஏஐ ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நேரம் சொல்ல, நேரம் மாற்ற, ரத்து செய்ய என்று அதன் கையில் மூன்று டூல்கள். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஏஐக்குப் புரிகிற மாதிரி குறிப்பு எழுதுவது கவிநிலாவின் வேலை. அதை இருநூறு போன் பேச்சுகளை வைத்துச் சோதிப்பது உண்ணாமலையின் வேலை.

"மறுபடியும் ஊத்திக்கிச்சா?" பக்கத்து சீட் பிரசாத் எட்டிப் பார்த்தான். "அந்தம்மா சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு இதே வேலைக்கு இன்டர்வியூ வந்துச்சு, தெரியுமா? வெள்ளிக்கிழமை உன்ன நிரந்தரம் பண்றதா வேணாமான்னு முடிவு பண்றாங்க. அதுக்குள்ள உன்ன துரத்தப் பாக்குறாங்க."

கவிநிலா நேராக உண்ணாமலையின் மேசைக்குப் போனாள்.

"மேடம், இருநூறுல நூத்தித் தொண்ணூத்தாறு சரியா வருது. இன்னும் என்ன வேணும்?"

உண்ணாமலை நிமிரவில்லை. ஒரு பேச்சை ஓடவிட்டாள்.

'பௌர்ணமி கிரிவலக் கூட்டங்க. பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். இன்னைக்கு வர முடியாது போலங்க.'

'சரிங்க, உங்க நேரத்தை ரத்து பண்ணிட்டேன்' என்றது ஏஐ.

"மீதி நாலு பேருல இவரு ஒருத்தரு" என்றாள் உண்ணாமலை. "போ."

கவிநிலாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. 'இவங்க வாயாலயே பாஸ்னு சொல்ல வைக்கிறேன்' என்று முடிவு செய்துகொண்டாள்.

மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு அந்த டயாலிசிஸ் சென்டருக்கே போனாள். காத்திருந்தவர்களில் கீழ்பென்னாத்தூர் தசரதன் என்பவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"ஐயா, போன் பண்ணி 'இன்னைக்கு வர முடியாது'ன்னு சொன்னீங்கன்னா, என்னா அர்த்தம்?"

அவர் சிரித்தார். "எப்படியாவது சாயங்காலமாவது ஒரு எடம் குடுங்கன்னு அர்த்தம்மா. இத வேணான்னு நானு சொல்ல முடியுமா? ரெண்டு வாட்டி தவறிச்சுன்னா மூச்சு முட்டிடும்."

அவள் எழுதியிருந்த குறிப்பு அப்போது நினைவுக்கு வந்தது: 'நோயாளி வர முடியாது என்று சொன்னால் ரத்து செய்யவும்.'

கூசிப்போனாள்.

அன்றே மாற்றினாள்: 'வர முடியாது என்பது ரத்து அல்ல. வேறு நேரம் வேண்டுமா என்று முதலில் கேள். வேண்டாம் என்று அவரே சொன்னால் மட்டும் இந்த டூலை எடு.'

மறுநாள் காலை: ஃபெயில். சென்னைக்கே குடிபோகிறேன் என்று சொன்னவரிடமும் ஏஐ நாலு தடவை நேரம் கேட்டு நச்சரித்திருந்தது.

பதினோராவது தடவை, ஒரே ஒரு பேச்சில் தவறு. அதுவும் ஃபெயில்.

"ஒண்ணுதானே மேடம்?"

"அந்த ஒருத்தரு நாளைக்கு யாரா இருப்பாருன்னு உனக்குத் தெரியுமா?"

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அந்த ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வரி வரியாக மாற்றி எழுதினாள்.

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டரில் வேறு வார்த்தை இருந்தது. "இருநூறும் சரி. பாஸ்." வாழ்த்துகூட இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி அன்பரசன் கூப்பிட்டார். உள்ளே போனாள்.

"உக்காருங்க கவிநிலா. உங்கள நிரந்தரம் பண்ணியாச்சு. இந்தாங்க ஆர்டர்."

அவளால் நம்ப முடியவில்லை. "சார்... பதினோரு தடவை ஃபெயிலானேனே. உண்ணாமலை மேடம் சொல்லலையா?"

"எந்தப் பதினொண்ணு?" அன்பரசன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "மூணு ஃபெயில் பதிவானாலே புதுசா வந்தவங்களுக்கு வேலை கிடையாதும்மா, அதான் இங்க ரூல். ஆபீஸ் நேரத்துல ஓட்டுற டெஸ்ட் எல்லாம் தானா பதிவாயிடும். உங்க பேர்ல பதிவாகியிருக்கிறது ஒரே ஒரு டெஸ்ட். நேத்து. பாஸ்."

கவிநிலா குனிந்து திரையில் தன் பெயருக்கு நேரே இருந்த அந்த ஒற்றை வரியைப் படித்தாள்.

"ஆமா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார் அவர். "ரெண்டு வாரத்துக்கு மேல, உண்ணாமலை மட்டும் எதுக்குக் காலையில ஏழு மணிக்கே ஆபீசுக்கு வந்து உக்காந்திருக்காங்க?"