மூன்றாவது பங்குதாரர்

2071 ஜூலை 9, காங்கேயம் அருகே. நொய்யலின் வறண்ட படுகையில் மூன்று நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.

யசோதாமணியும் அவள் தம்பி கதிர்வேலும் சாயப்பட்டறை தொடங்குவதற்காக, ஆற்றையும் பங்குதாரராகச் சேர்க்கும் கூட்டு நிறுவன அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு எந்த அமைப்புக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. பங்குதாரர்கள் எல்லோரும் வந்தால்தான் முதல் கூட்டம் செல்லும். தண்ணீர் வந்தால் ஆறு வந்ததாகக் கணக்கு.

"ஏனுங்க்கா, ரண்டு மாசமா வெயில்ல உக்காந்திருக்கறோம். பங்காளிக்கு ஒரு போனாச்சும் போட முடியுதா?"

"கம்முனு இரு. அங்க பாரு."

மேற்கிலிருந்து தண்ணீர் மணலை நனைத்தபடி ஓசையில்லாமல் வந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு கணுக்கால்வரை ஏறியது. இருவரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். இந்த ஆறு ஓடுவதைக் கதிர்வேல் பார்ப்பது இதுவே முதல் தடவை. தண்ணீருக்கடியில் அவன் கால்விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

"தீர்மானத்தப் படி" என்றாள் அக்கா.

இருந்தது ஒரே தீர்மானம்: சாயக் கழிவை ஆற்றில் விட அனுமதி. அது இல்லாமல் பட்டறை ஓடாது. கதிர்வேல் தாளைப் பிரித்தான். பிறகு குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடீங்க்கா, மூஞ்சிக்கு நேராக் கேக்கறது?"

அக்கா தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு அவர்களுடைய நிறுவனம் சாயமேற்றாத துணியை மட்டும் விற்றது.