ஏழு மீட்டர் காத்தாடி

"ஒம்போது வேணாம். ஏழு எடு" என்றான் கோவர்த்தனன்.

மூன்று காத்தாடிகள் மணலில் சுருட்டிக் கிடந்தன. ஏழு மீட்டர், ஒன்பது, பன்னிரண்டு. துணி எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுப்பு.

ஆந்திரத்துத் தூப்பிலிபாளையம் கடற்கரையில் காலையிலிருந்தே வாடைக் காற்று. சீராக அடித்தால் பரவாயில்லை. சற்று அடங்கும். நம்பி நிமிர்ந்தால் மணலை வாரி முகத்தில் அறையும்.

சுமித்ராவுக்கு ஒன்பதின் மேல்தான் கண். இன்று உயரமாகக் குதித்துக் காட்ட வேண்டும். சவுக்கு நிழலில் நாற்காலி போட்டுச் செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தார். சித்தூர்க்காரர், மஸ்கட்டில் வேலை. ஓமன் கடற்கரையில் காத்தாடிச் சவாரி சொல்லிக்கொடுக்க இரண்டு பேரைத் தேடி வந்திருந்தார்.

இடுப்பில் காத்தாடியைக் கோத்துக்கொண்டு, காலில் பலகையோடு கடல்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு அது. நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் பிழைப்புக்காக ராமேஸ்வரம் போன இடத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள். அங்கே ஒரு சவாரிப் பள்ளியில் அவன் படகு கழுவினான், அவள் சமைத்தாள். ஓய்ந்த நேரத்தில் இருவரும் தண்ணீரில் கிடந்தார்கள்.

"ஏழுன்னா, காத்து அடங்கறப்போ முழுகிப் பூடுவேன்" என்றாள்.

"முழுகினா நீந்திக்கலாம். தூக்கி அடிச்சா இன்னா பண்ணுவ? அடங்கற காத்தப் பாத்து எடுக்கக் கூடாது சுமி. அடிக்கற காத்தப் பாத்து எடுக்கணும்."

அவள் ஏழையே எடுத்தாள்.

காத்தாடியின் விளிம்புக் குழாயில் அவனே காற்றடித்துக் கொடுத்தான். கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி, சிக்கில்லை என்று பார்த்தான். ஆபத்தில் காத்தாடியைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டி, மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அவள் இடுப்புப் பட்டையை மண்டியிட்டு இறுக்கினான்.

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கடலுக்குள் காற்று வெறிபிடித்து அடித்தபோது ஏழு அவள் சொன்னபடி கேட்டது. ஒன்பதாக இருந்திருந்தால் பிய்த்து எறிந்திருக்கும். அவள் குதித்தாள். தண்ணீர் கீழே வெகு தூரம் போய்த் திரும்பி வந்தது.

கரைக்கு வந்து அவள் தலையில் தட்டிக் காட்ட, அவன் ஓடிவந்து காத்தாடியைப் பிடித்து இறக்கினான். பிறகு கோவர்த்தனன், தன் கனத்துக்குச் சரியான ஒன்பது மீட்டருக்குக் காற்றடிக்கப் போனான். அவள் நேராகச் செங்கல்வராயனிடம் போய் நின்றாள்.

"சூப்பரா ஓட்றம்மா" என்றார் அவர். "நீயும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும். கொழந்த சின்னது, இன்னா பண்றது."

"நான் வரலைன்னு யாரு சார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான். போன வாரம் நான் திருப்பதில தங்கியிருந்தப்போ வந்து சொல்ட்டுப் போனாரே. அந்த எடத்துக்கு நெல்லூர் பையன் ஒருத்தன எடுத்துட்டோம். இன்னிக்கு நீ சும்மா ஆசைக்கு ஓட்டப்போறன்னு சொன்னாரு."

சுமித்ரா, தூரத்தில் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

குழந்தையை நகரியில் தன் அம்மாவிடம் விடுவது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தார்கள். திருப்பதியில் அலிபிரி பக்கத்து ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்த அன்று, அவள் முந்தானையைச் சரிசெய்தவன் அவன். இன்று சாயங்காலம், உனக்குக் கிடைக்கவில்லை என்று அவனே சொல்லியிருப்பான். அவள் அழுதால் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பான். தான் சரியாகக் குதிக்கவில்லை என்று அவளும் காலத்துக்கும் நம்பிக்கொண்டிருந்திருப்பாள்.

கோபம் உடனே வரவில்லை. கயிற்றை நீவிப் பார்த்த அந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன.

"சுமி! வந்து புடி!"

காத்தாடியைக் கிளப்ப ஓர் ஆள் ஓரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் போய் நிறுத்தினாள். கயிற்றின் மறுமுனையில், கடலுக்கு முதுகு காட்டி நின்று, அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

அவன் பின்னால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. பெருங்காற்று. அவன் பார்க்கவில்லை.

இப்போது விட்டால் அது அவனைத் தூக்கிச் சவுக்கு மரங்களில் கொண்டுபோய் அடிக்கும்.

"விடு! இன்னா பாத்துக்கினு நிக்கற?"

அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காற்று வந்தது. துணி பேயாக அடித்துக்கொண்டது. மணல் கன்னத்தைக் கீறியது. அவன் கையை ஆட்டிக் கத்துவது மட்டும் தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை.

அந்தப் பெருங்காற்று கரையைத் தாண்டிப் போன பிறகு விட்டாள்.

காத்தாடி அழகாக மேலே ஏறியது. அவன் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் போனான்.

சுமித்ரா இடுப்புப் பட்டையை அவிழ்த்து அவன் பையின் மேல் வைத்தாள். செங்கல்வராயனிடம் தன் போன் நம்பரைச் சொன்னாள். "அடுத்த தபா ஆள் எடுத்தா என்னியே கேளுங்க சார். யாரு மூலமாவும் வேணாம்."

அவர் தலை நிமிராமல் நம்பரைப் பதிந்துகொண்டார்.

ரோட்டுக்கு ஏறியதும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவன் கரையோரம் வந்து, ஒரு கையால் தலையில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். இறக்கப் போகிறேன், வந்து பிடி என்று அர்த்தம். இந்தக் காற்றில் தனியாக இறக்க முடியாது.

வாகாடு போகும் ஆட்டோவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.