மேட்டா, கிளாஸா?

“கருப்பா இருக்கணும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது.”

கணக்கு டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் கடைக்காரர் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். “என்னம்மா கருப்பா?”

“பிரைமர் சார். பிளாஸ்டிக்ல விமானம், பீரங்கி வண்டியெல்லாம் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிறாங்களே, அதுக்கு அடியில முதல்ல அடிக்கிறது. நாளைக்கு எங்க கல்யாண நாள். அவருக்குக் குடுக்கணும்.”

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டீச்சருக்கு இது சமாதானத் தூது. போன மாதம் ஏதோ கோபத்தில், “நாப்பத்தஞ்சு வயசுல பொம்மை விளையாட்டு” என்று வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் பேச்சு ‘ம்’, ‘ம்ஹூம்’ என்பதற்குள் சுருங்கிப் போனது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. துணி, பாத்திரம், திருத்த வேண்டிய விடைத்தாள் எல்லாம் இவள் தலையில்தான். ஆனாலும் மாதம் ஒன்றாக ஷோகேஸில் வந்து உட்காரும் விமானங்களைப் பார்த்தால் இவளுக்கே வாயடைத்துப் போகும். இவ்வளவு பொறுமைசாலியைப் போய்ச் சொல்லிவிட்டோமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய ஸ்கூட்டரில் கிடந்த பையில் இந்த மாடல் பொம்மைக் கடையின் முகவரி இருந்தது. இன்று அவர் அறைக்குள் போன கையோடு கிளம்பி வந்துவிட்டாள்.

“எந்தக் கருப்பும்மா?” என்றார் கடைக்காரர்.

“கருப்புல எத்தனை கருப்பு சார்?”

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். கடைக்காரர் டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

“இது தண்ணியில கரையறது. வாடை அவ்வளவா வராது, ஆனா நல்லாக் காய விடணும். இது லேக்கர். பிளாஸ்டிக்கை உடும்பு மாதிரி பிடிச்சுக்கும், நாத்தம் தெருமுனை வரைக்கும் போகும். அப்புறம் மங்கலா இருக்கற மேட் இருக்கு, மினுமினுன்னு இருக்கற கிளாஸ் இருக்கு. பீரங்கி வண்டின்னா மேட். மேல வெள்ளி மாதிரி பளபளன்னு வரணும்னா அடியில கிளாஸ் கருப்பு. மாத்தி அடிச்சீங்க, வெள்ளி விமானம் ஈயப் பாத்திரமாயிடும்.”

டீச்சர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அட்டவணை போட்டாள்.

“அவர் வேலை செய்யறப்ப வீட்ல வாடை வருமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வரவே வராது சார்.”

“அப்ப தண்ணி பிரைமர்தான். சட்டையில கறை பட்டா, துவைச்சா போகுதா?”

“கறையா? பதினோரு வருஷமா அவர் சட்டையைத் துவைக்கிறேன். ஒரு சொட்டு பட்டதில்ல. நகத்துல கூட இருக்காது.”

கடைக்காரர் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். பத்து நகமும் கருப்பு. “பெரிய கைதாம்மா அவரு” என்றார், லேசான பொறாமையுடன்.

மேட்டா கிளாஸா என்பதில்தான் அட்டவணை இடித்தது. டீச்சர் துணிந்து அவருக்கே போன் போட்டாள். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்ததும்தான் எடுத்தார்.

“ம்ம்… யாரு?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நான்தாங்க. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“அது… மாஸ்க் போட்டிருக்கேன். சொல்லு.”

“எங்க சயின்ஸ் டீச்சர் ஒரு சந்தேகம் கேக்கறாங்க. மாடலுக்குக் கருப்பு பிரைமர் அடிக்கிறதுன்னா மேட்டா, கிளாஸா?”

மறுமுனையில் அவர் இரண்டு முறை இருமினார்.

“ரெண்டும் நல்லதுதான். அவங்கவங்க மனசைப் பொறுத்தது. வைக்கிறேன், பெயிண்ட் காஞ்சிடும்.”

ஒரு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மனசைப் பொறுத்ததுன்னாரா?” கடைக்காரர் மெய்சிலிர்த்துப் போனார். “கரைகண்டவங்க அப்படித்தாம்மா பேசுவாங்க. நமக்கெல்லாம் அது வராது.”

“அவர் செஞ்சதைக் காட்டினா எந்த பிரைமர்னு சொல்லிடுவீங்களா சார்?”

“காட்டுங்க, பாப்போம்.”

டீச்சர் செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். போன மாதம் ஷோகேஸுக்கு வந்த வெள்ளி விமானம். சண்டையை மறந்து அவளே ஆசையாக எடுத்து வைத்திருந்த படம்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். மூக்கைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார். வாலுக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“கிளாஸ் கருப்பு” என்றார் மெதுவாக. “தண்ணி இல்ல, லேக்கர். ரெண்டு கோட்டிங். வால்கிட்ட மட்டும் மூணு.”

டீச்சர் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டாள். “அடேயப்பா! படத்தைப் பாத்தே எத்தனை கோட்டிங்னு எண்ணிட்டீங்களே. எப்படி சார்?”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அதை அடிச்சதே நான்தாம்மா.”